ஜேர்மன் வகுப்பில் குடித்த கோப்பி

நான் பல்கலைக்கழகத்தில் ஜேர்மன் படிக்கப் போகிறேன் என்று தெரிந்ததும் கண்டி மஹய்யாவவில் எங்கள் வரிசை வீடுகளில் அதுதான் பேச்சு. அந்தப் பாஷையில் யாரோடு பேசப் போகிறாய், குழாயடியில் சண்டை வந்தால் அதிலேயே ஏசுவாயா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் மாநகர சபையில் தெருக் கூட்டும் வேலையில் சேர்ந்து, மேற்பார்வை வேலைக்கு உயர்ந்தவர். கண்டிக்கு வெள்ளைக்காரர்கள் வந்துகொண்டேதான் இருப்பார்கள், பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லிப் பேச்சை முடித்துவைத்தார்.

வகுப்பில் தமிழர்கள் இரண்டே பேர், நானும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓர் இளைஞரும். உரையாடல் பயிற்சிக்குச் சோடி சேர்க்கும்போது விரிவுரையாளர் எங்கள் இருவரையும் யோசிக்காமல் ஒன்றாக உட்கார வைத்தார். சிங்களவரான அந்த அம்மாவுக்கு எல்லாத் தமிழரும் ஒன்றுதான். நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறதென்று எங்களுக்கல்லவா தெரியும்.

நான் இரண்டு வார்த்தை தமிழ் பேசினால் போதும், மலைநாட்டுக்காரி என்று தெரிந்துவிடும். அவர் 'ஓம்' என்றாலே அவர் பக்கம் தெரிந்துவிடும். ஊர் தெரிந்தால் அடுத்த கேள்வி ஊருக்குள் எந்தப் பக்கம், அதற்கடுத்தது அப்பாவுக்கு என்ன வேலை. நம் ஆட்கள் சுற்றி வளைத்து எங்கே வந்து நிற்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஜேர்மனில் அந்தத் தொல்லை இல்லை. இருவரும் ஒரே அளவுக்கு மோசமாகப் பேசினோம். அந்த மொழியில் எங்களுக்கு ஊரும் இல்லை, சாதியும் இல்லை.

பாடப்புத்தகத்தில் வந்த கணவன் மனைவியாக நடித்தோம். வீடு வாடகைக்கு எடுத்தோம். அலுமாரியை எங்கே வைப்பது என்று சண்டை பிடித்தோம். கோப்பி வேண்டுமா என்று நான் கேட்பேன், ஆமாம் என்று உடனே சொல்வார். புத்தகத்து ஜேர்மன்காரர்கள் மறுப்பதே இல்லை. வெறும் கையை நீட்டுவேன், வாங்கிக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பார். மூன்றாம் வருடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டே பேசினோம். பிள்ளைகளுக்கு எந்த மொழி சொல்லிக்கொடுப்பது என்றுகூட ஒருநாள் வாதாடினோம். தமிழ்தான் என்று இருவருமே ஜேர்மனில் முடிவுசெய்தோம். நல்ல பயிற்சி என்று விரிவுரையாளர் பாராட்டினார். எனக்கு அது பயிற்சி இல்லை, அவருக்கும் இல்லை என்று நன்றாகத் தெரியும். ஆனால் வகுப்பைவிட்டு வெளியே வந்தால் பஸ் தரிப்பிடம்வரை தமிழில் மழையைப் பற்றி மட்டும்தான் பேசினோம்.

இலக்கிய வகுப்பில் காதலித்தவர்கள் எல்லோரும் கடைசியில் செத்துப்போனார்கள். அவர்களாவது நெஞ்சில் இருந்ததைச் சொல்லிவிட்டுச் செத்தார்கள் என்று எனக்குப் பொறாமையாக இருக்கும்.

கடைசி வருடம் தீபாவளிக்கு முன்னால்தான் மழையைத் தவிர வேறொன்றைத் தமிழில் கேட்டார். "உங்கட வீட்டை ஒருக்கா வரலாமோ?"

எதற்கு என்று நான் கேட்கவில்லை. கூடப் படிக்கிறவர் வருகிறார் என்று மட்டும் வீட்டில் சொன்னேன். அம்மா என்ன, ஒன்றும் தெரியாதவரா? அலுமாரியில் பூட்டி வைத்திருந்த பூப்போட்ட கோப்பைகளை வெளியே எடுத்தார். அப்பா கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். அவர் வந்தார், கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். அம்மா தட்டில் தேத்தண்ணி கொண்டுவந்து நீட்டினார்.

"வேண்டாம் அம்மா, இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்றார்.

அம்மா தட்டோடு உள்ளே போய்விட்டார்.

எங்கள் வீட்டில் யாரையும் இரண்டாவது தடவை கேட்பதில்லை. தெருக் கூட்டுகிறவர்கள் வீட்டில் கை நனைக்காதவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். வாசல்வரை வருவார்கள், சிரித்துப் பேசுவார்கள், தண்ணீர் கொடுத்தால் இப்போதுதான் குடித்தேன் என்பார்கள். எல்லோருக்கும் அது என்னவோ எங்கள் வாசலுக்கு வரும்போதுதான் வயிறு நிறைந்திருக்கும். திரும்பக் கேட்டால் அதே வார்த்தையை இன்னொரு முறை காசில்லாமல் வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் ஒரு தடவையோடு நிறுத்திக்கொள்வது எங்கள் வழக்கம்.

அதன்பிறகு அவர் பரீட்சையைப் பற்றி ஏதோ சொன்னார். நடுநடுவே சமையலறைப் பக்கம் பார்த்தார். வந்த விஷயத்தைச் சொல்லாமலே எழுந்து போனார்.

அவர் வீதியில் இறங்கிய பிறகு அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "அந்தத் தம்பி நல்ல தம்பிதான். ஆனா நம்ம வீட்டுத் தண்ணி அவருக்கு எறங்காது. விட்டுடு புள்ள" என்றார்.

விட்டுவிட்டேன். எனக்கு வந்த கோபத்தைவிட அப்பாவின் முகம்தான் தாங்க முடியவில்லை. அடுத்த வகுப்பில் வேறு சோடி கேட்டு வாங்கினேன். அவர் என்னைப் பார்த்தார், ஏன் என்று கேட்கவில்லை. பிறகு நாட்டில் கலவரம் வந்தது. அவர் வடக்கே போய், அங்கிருந்து ஜேர்மனிக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். ஒரே மொழியைத்தான் படித்தோம். அவர் அதில் வாழப் போனார், நான் அம்பிட்டிய மலையில் ஒரு விடுதியில் அதே மொழியில் அறை இலக்கம் சொல்லும் வேலைக்குப் போனேன். கல்யாணப் பேச்சுகள் வந்தன. எனக்கு மனம் வரவில்லை. அப்பாவும் போய்ச் சேர்ந்தார்.

பல வருடங்களுக்குப் பிறகு அந்த விடுதிக்கு ஜேர்மனியிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. கணவருக்குத் தலை நரைத்திருந்தது, ஆனாலும் அவர்தான் என்று நடையில் தெரிந்துவிட்டது. கூட மனைவியும், பத்து வயது மதிக்கத்தக்க மகளும். சுகமா இருக்கிறீங்களோ என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன். வருகிறவர்களுக்கு முதலில் தேத்தண்ணி கொடுப்பது விடுதியின் வழக்கம். தட்டை நானே வாங்கிக்கொண்டு போய் நீட்டினேன்.

"வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்றார்.

பழக்கதோஷம், தட்டைத் திருப்பிவிட்டேன். அந்தச் சிறுமி என் கையைத் தொட்டு ஜேர்மனில் சொன்னாள்: "அப்பாவிடம் இன்னொரு தடவை கேளுங்கள். யார் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வார். உடனே வாங்கினால் மரியாதை இல்லையாம்."

மனைவி சிரித்தார். தங்கள் ஊரில் பெரியவர்கள் அப்படித்தான் வளர்த்தார்கள், கொடுத்ததும் கை நீட்டினால் சாப்பாட்டுக்கு அலைந்தவர் மாதிரி இருக்குமாம், வற்புறுத்தினால்தான் குடிக்க வேண்டுமாம் என்று எனக்கு விளக்கினார். அவர் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடிங்க" என்றேன்.

"ஓம், தாங்கோ" என்று வாங்கினார். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார். வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்கு அப்போது காது கொஞ்சம் மந்தம், இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அப்பாவின் படத்தைப் பார்த்தார்.

"இன்னொருவாட்டி கேப்போம்னு எனக்கு அப்பவே தோணுச்சு" என்றார். "அடுப்படியில அந்தத் தேத்தண்ணிய ஆறவுடாம மூடித்தான் வச்சிருந்தேன்."