சீவீட்டுச் சிறகில் பூசிய வெள்ளி

வெள்ளறடை ரப்பர்க் காட்டில் சீவீடு என்னும் சில்வண்டு கத்தத் தொடங்கினால், காஞ்சிரங்குளத்துக் கடலில் மீன்கள் காதைப் பொத்திக்கொள்ளும். மீனுக்கு ஏது காது என்று கேட்பவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. அந்தப் பூச்சியின் உதிர்ந்த சிறகுகளைப் பொறுக்கித்தான் பாறசாலை ஆனந்தலட்சுமி ஆராய்ச்சி செய்கிறாள்.

சிறகு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத தூண்கள். சுசீந்திரம் கோயில் வெட்கப்பட வேண்டும். அவற்றின்மேல் கல்லூரி ஆய்வகத்தில் வெள்ளியைப் புகைபோலப் படியவைத்தாள். லேசர் பட்டால் ஒவ்வொரு பொருளும் தனக்கே உரிய ஒளியை முணுமுணுப்பாகத் திருப்பி அனுப்பும். அதுதான் ராமன் நிறமாலை. வெள்ளித் துகள்கள் அந்த முணுமுணுப்பைக் கூச்சலாக்கும். காய்கறியில் தெளித்த மருந்து ஒரு துளி ஒட்டியிருந்தாலும் அகப்பட்டுக்கொள்ளும்.

அகப்பட வேண்டும். இதுவரை அகப்படவில்லை. திருவனந்தபுரத்துக் கருவியில் இந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி வாய்ப்பு. தவறினால் சிறகை விட்டுவிட்டு வேறு தலைப்பு எடுக்கச் சொல்லிவிட்டார் பேராசிரியர்.

அன்று காலை, தோரன் பொரியலுக்கென்று சந்தையில் வாங்கிய பயற்றங்காயைக் கழுவிய தண்ணீரைக் குப்பியில் பிடித்துக்கொண்டு பூசையறைக்கு ஓடினாள். தாளிப்புப் புகை படாத இடம் என்று சிறகுப் பெட்டியை அங்கேதான் வைத்திருந்தாள். மாமியார் நீலாம்பாள் முகமெல்லாம் பெருமையாக நின்றார்.

"எல்லாம் கறுத்துல்லா கிடந்துது மக்கா! வெள்ளின்னு நீதானே சொன்ன? திருநீறு போட்டுத் தேச்சாச்சு."

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டு வெள்ளியையெல்லாம் துலக்குவது அவர் வழக்கம்.

"அத்தை! அந்தக் கறுப்புதான் வெள்ளியாக்கும்! பொடியாப் படிஞ்சா கறுப்பாத்தான் இருக்கும்!"

"கறுப்பு எப்பிடி மக்கா வெள்ளியாவும்? ஒண்ணு பாக்கி உண்டு. நீ ஜெயிக்கணும்னு முதல்லயே பிள்ளையார் காலடியில வச்சேன்."

அதைப் பிடுங்கிக்கொண்டு பறந்தாள். பேருந்து பாலராமபுரம் தாண்டியதை அந்தப் பேருந்தே கவனிக்கவில்லை.

திருவனந்தபுரத்து ஆய்வகத்தில் கருவியை இயக்கும் ராபின்சன் சிறகைப் பார்த்துச் சிரித்தார். "இது வண்டா, ஆராய்ச்சியா?"

"லேசரைப் போடுங்க சாரே, பிறகு சிரிக்கலாம்."

ஒரு துளி கழுவுநீர். பச்சை ஒளி. திரையில் கோடு நெளிந்தது, படுத்தது, பிறகு அகத்தியர்கூடம் மலையைப் போல நிமிர்ந்தது! பக்கத்தில் இன்னொன்று! ராபின்சன் நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்தார். "பூஞ்சைக்கொல்லியாக்கும்! அப்படியே அச்சு அசல்!"

உடனே வீட்டுக்குப் போன் போட்டாள். "அத்தை, கிடைச்சிட்டு! நம்ம பயறுல மருந்து உண்டு!"

மறுமுனையில் கரண்டி விழுந்தது.

"எட்டி, அந்தப் பயறுத் தோரனை இப்பதான் உன் மாமா மூணாவது தடவ கேட்டு வாங்கித் தின்னாரு!"