இடது பக்கம் காலியாக இருக்கிறது

ஒரு படத்துக்குக் கருத்துச் சொல்லப் போய் நன்றாகக் குழம்பியிருக்கிறேன். இன்னும் தெளியவில்லை. உங்களிடம் சொன்னால் தெளிகிறதா பார்ப்போம்.

நான் வாட்டர்கலர் பழகுவது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். (தெரியாதவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.) செங்கல்பட்டிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் ஏழெட்டுப் பேர், ஞாயிறு காலையில் மாமல்லபுரம் பக்கம் ஏதாவது ஒரு கடற்கரையில் கூடுவோம். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து வரைவோம். பிறகு படங்களை வரிசையாக வைத்து, ஒருவர் படத்தை மற்றவர்கள் அலசுவோம். ஒரே ஒரு விதி உண்டு — எல்லோரும் பேசி முடிக்கும்வரை, வரைந்தவர் வாயைத் திறக்கக் கூடாது.

அந்த விதிதான் எங்களை மாட்டிவிட்டது.

சில வாரங்களுக்கு முன், கல்பாக்கத்துக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்துக்குப் போயிருந்தோம். இடத்தைச் சொன்னது கலா. செங்கல்பட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. கணவர் ஏழுமலை கடலுக்குப் போகிறவர். புதுப்பட்டினத்தில் வாடகை வீடு. குழுவில் கலாதான் புதுசு. ஆனால், தண்ணீரை அவரைப் போல வரைய எங்களில் ஆளில்லை.

அன்று அவர் வரைந்த படத்தில் வலது பக்கம் வீடுகள், ஃபைபர் படகுகள், காயப்போட்ட வலை. இடது பக்கம் வெறும் கடல். பாதிப் படத்துக்கு ஒன்றுமே இல்லை.

சேவியர்தான் ஆரம்பித்தார். பள்ளியில் ஓவிய ஆசிரியர். பார்வை வலது பக்கம் ஏறி இடது பக்கம் தொபுக்கென்று விழுந்துவிடுகிறது, பிடித்து நிறுத்த அங்கே ஒரு படகாவது வேண்டும் என்றார். ஷம்ஷாத் உடனே மறுத்தார். அவர் ஓ.எம்.ஆரில் ஒரு அனிமேஷன் கம்பெனியில் இருக்கிறார். வெற்றிடம் இருக்கலாம், ஆனால் அதற்கு ஒரு கனம் வேண்டும். தண்ணீரை இன்னும் அடர்த்தியாக்கி, தொடுவானத்தைக் கொஞ்சம் கீழே இறக்கலாம் என்றார். படகா, அடர்த்தியா என்று இருவருக்கும் வாக்குவாதம் வளர்ந்தது.

நான் சும்மா இருந்தேனா? ஒரு நாயையாவது நிற்க வைக்கலாமே என்றேன்.

கலா மடியில் தூரிகையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் முடித்த பிறகுதான் பேசினார்.

"அங்க எங்க வூடு இருந்துச்சி சார். கடல் எடுத்துகினு போயிடுச்சி. இப்ப தண்ணிதான் கீது. அதான் தண்ணியவே வரஞ்சேன்."

எல்லோரும் மறுபடி படத்தின் பக்கம் திரும்பினோம்.

இப்போது படத்தைப் பார்த்தால், இடது பக்கத்தைத் தவிர வேறெங்கும் பார்வை போகவில்லை. படத்தில் ஒரு சொட்டு வண்ணம்கூட மாறவில்லையே... அப்படியென்றால் ஐந்து நிமிடம் முன்பு நாங்கள் பார்த்தது எதை?

சேவியர் மெதுவாகச் சொன்னார் — மன்னிச்சிக்கம்மா, ஆனால் பார்க்கிறவர்களுக்கு இது தெரியாதே, ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று நீ சொல்ல முடியுமா என்று. அதுவும் நியாயம்தான். தெரியாவிட்டால் தெரியாமலே போகட்டும், கடல் எடுத்துக்கொண்டதைப் படத்திலும் எடுத்துக்கொள்ளட்டும் என்றார் ஷம்ஷாத். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

"அப்ப வூட்ட போடட்டா, வேணாமா?" என்று கலா கேட்டார். நிஜமாகவே கேட்டார்.

அதற்குள் ஏழுமலை பைக்கில் அழைத்துப் போக வந்துவிட்டார். படத்தைப் பார்த்தார். அந்த இடது பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பிப் போய் வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

அடுத்த ஞாயிறு கலா இரண்டு படங்களோடு வந்தார். ஒன்று, அதே படம். இன்னொன்றில் இடது பக்கத்தில் வீடு இருந்தது. மாமல்லபுரத்தில் எங்கள் குழுவின் சிறிய கண்காட்சி வரவிருந்தது. எதைக் கொடுப்பது என்பது கேள்வி.

உண்மையைச் சொல்ல வேண்டும். வீடு இருந்த படம் படமாக நன்றாக இல்லை. கூரையின் சிவப்பு தனியாகத் துருத்தியது. சுவர் விறைத்துக்கொண்டு நின்றது. அங்கே ஏதாவது வேண்டும் என்ற சேவியரே, வேண்டாம், எடுத்துவிடு என்றார். வெற்றிடத்துக்கு வாதாடிய ஷம்ஷாத், இருக்கட்டுமே என்றார். நான் இருவருக்கும் தலையாட்டினேன்.

கடைசியில் வீடு இல்லாத படமே கண்காட்சிக்குப் போனது. நிறையப் பேர் அதன் முன் நின்றார்கள். பாராட்டினார்கள். ஒருவர் மட்டும் என்னைத் தனியாக அழைத்து, இடது பக்கம் இன்னும் முடிக்கவில்லையோ என்று விசாரித்தார்.

வெளியே டீ குடிக்கும்போது, அந்த இன்னொரு படம் என்னவாயிற்று என்று கலாவிடம் கேட்டேன். வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறதாம்.

பிறகு அவரே சொன்னார். வீடு போனதிலிருந்து ஏழுமலை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. கலாவிடமும் இல்லை, பிள்ளைகளிடமும் இல்லை. யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாராம். இப்போது கடலிலிருந்து வந்ததும் படத்தின் முன் நின்று குறை சொல்கிறாராம். வாசல் இந்தாண்ட இல்லை, அந்தாண்ட. படி இவ்வளவு உயரமில்லை. முருங்கை மரம் எங்கே? பெரிய மகள் முதல்முதலாக நடந்தது அந்த மரத்தடியில்தானே?

"நேத்து மரத்த பத்தியே பேசிகினு இருந்தாரு சார். சோறு ஆறிப் போச்சி."

அவர் சொல்கிறபடி திருத்திவிட வேண்டியதுதானே என்றேன்.

"மரத்த போட்டுட்டேன். வாசல மட்டும் தப்பாவே வுட்டு வெச்சிகீறேன்" என்றார் கலா. "அதையும் சரி பண்ணிட்டா பேச்ச நிறுத்திடுவாரு."

இந்தப் படத்துக்கு நான் கருத்துச் சொல்வதாக இல்லை.