ரத்ததானப் படிவத்தில் நான் எழுதிய ‘இல்லை’

ஆணுறை பாவித்துத்தான் புதிதாகப் பழகிய ஒரு பெண்ணோடு இருந்தனான். இருந்தும் எச்.ஐ.வி. பயம் ஆறு வாரமாக என்னை அரித்தது. துறைமுகக் கரையில் நடந்தாலும் கடல் கண்ணில் படாது. நோயின் அறிகுறியாகக் கட்டி ஏதும் தட்டுப்படுகிறதா என்று கழுத்தைத் தடவிப் பார்ப்பேன். கிளினிக்குக்குப் போனால் ஊரெல்லாம் கதை பரவுமே என்று, சேர்ச் மண்டபத்து ரத்ததான முகாமுக்குப் போனேன். எடுக்கிற ரத்தத்தை எப்படியும் எச்.ஐ.வி.க்குச் சோதிப்பார்கள்தானே? படிவத்தில் அண்மையில் புதிய ஒருவரோடு பாலுறவு உண்டா என்று கேட்டிருந்தது. உண்மையை எழுதினால் ரத்தம் எடுக்க மாட்டார்களே என்று ‘இல்லை’ என்று எழுதினேன்.

வரிசையில் முன்னால் நின்ற கட்டைபறிச்சான் ஊர் மீனவர் திரும்பிச் சிரித்தார். “ஊசியெண்டால் எனக்கு நடுக்கம் தம்பி. ஆனா மகளின்ர பிள்ளைப்பேறில ஆரோ தந்த ரத்தந்தான் அவளைக் காப்பாத்தினது. வராமல் இருக்க ஏலுமோ?”

வரிசையை விட்டு விலகினேன். முகாமில் இருந்த டொக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

“ஆணுறை கிழியேல்லைத்தானே? அப்ப ஆபத்து மிகக் குறைவு. ஆனா இண்டைக்கு உங்கட ரத்தம் எடுக்க ஏலாது. தொற்றின புதுசில சோதனையில தெரியாமலும் போகும். கிளினிக்குக்குப் போங்கோ, ஆருக்கும் சொல்ல மாட்டினம்.”

போனேன். சில வார இடைவெளியில் இரண்டு முறை சோதித்தார்கள், தொற்று இல்லை. சந்தோஷப்பட வேண்டியவன், என்மீதே எரிச்சலோடுதான் வீடு வந்தேன். என் மானத்தைக் காப்பாற்ற, முன்பின் தெரியாத ஒருவரின் உடம்புக்குள் என் ரத்தம் தொற்றோடு போனாலும் போகட்டும் என்று வரிசையில் நின்றவன் நான்தானே.