ஹிரோஷிகளின் இழுப்பறை

நான் செய்த பிழையை இன்னொருவர் தலையில் கட்டி, அவருடைய வேலையைப் போக்கினேன். எண்பதுகளின் நடுவில், லண்டனில் ஒரு கல்லூரி நூலகத்தில் நடந்தது. அவர் ஜப்பானியர், தற்காலிக ஊழியர். ஜப்பானிய நூலாசிரியர்களின் பெயர்களை ஆங்கில எழுத்தில் நூல்பட்டியல் அட்டைகளில் எழுதுவது அவர் வேலை. அவற்றை அகரவரிசையில் அடுக்குவது என் வேலை.

ஜப்பானியர் குடும்பப் பெயரை முன்னால் எழுதுவார்கள். யாழ்ப்பாணத்தானான நானோ, முன்னால் நிற்பது தகப்பன் பெயர், பின்னால் நிற்பதே ஆளின் பெயர் என்று பழகியவன். யாரிடமும் கேட்காமல் பின்பெயரை வைத்து அடுக்கினேன். ஓர் இழுப்பறை முழுக்க ஹிரோஷி, அங்கே ஆண்களுக்குப் பரவலாக வைக்கும் பெயர். ஓவியர், பௌதிகப் பேராசிரியர், கட்டடக் கலைஞர், துப்பறியும் கதைக்காரர் எல்லோரும் ஒரு வீட்டு அண்ணன் தம்பிகளைப் போல வரிசையாக நின்றார்கள். தேடி வந்தவர்கள் ஒருவரையும் கண்டுபிடிக்க முடியாமல் முறையிட்டார்கள்.

தலைமை நூலகர் கேட்டபோது, "அவர் தந்த ஒழுங்கில்தான் அடுக்கினேன்" என்றேன். என் வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் அது. அந்த ஜப்பானியரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. நற்சான்றிதழிலும் 'கவனம் போதாது' என்று ஒரு வரி சேர்த்தார்கள்.

டூட்டிங்கில் இருந்த எங்கள் வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

"உங்களை வேலையில அப்பாவின்ர பேரால கூப்பிடுறாங்கள் எண்டு ஒவ்வொரு நாளும் வந்து புறுபுறுக்கிறியள். அந்த மனிசனிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமெல்லே?"

"கேட்டா, எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு நினைப்பினம்."

"ஓம், இப்ப எல்லாம் தெரிஞ்சவர் எண்டு மாலை போட்டவையோ?"

அதன் பிறகும் ஆறு வருடங்கள் வாய் திறக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதிய தலைமை நூலகர் வந்தார். அவரிடம் எழுத்தில் ஒப்புக்கொண்டேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. ஜப்பானியருக்குத் திருத்திய நற்சான்றிதழ். அதை நானே கேட்டு வாங்கிக்கொண்டு, லண்டனின் மறுகோடியில் வால்தம்ஸ்டோவிலிருந்த அவர் வீட்டுக்குப் போனேன்.

வாசலில் நின்றபடியே இரண்டு முறை வாசித்தார்.

"அடுக்கியது நீங்கள் என்று எனக்குத் தெரியும். நீங்களே சொல்வீர்கள் என்று சில மாதங்கள் காத்திருந்தேன்" என்றார். "இப்போது ஒரு கிடங்கில் பெட்டி கட்டுகிறேன். நூலகங்களில் எல்லாம் கணினி வந்துவிட்டது. அட்டை எழுதுகிறவனை இனி யார் எடுப்பார்கள்?"

மன்னிப்புக் கேட்டேன். அவர் தாளைக் கவனமாக மடித்து உறைக்குள் வைத்தார்.

"என் மகளுக்குக் காட்ட வேண்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.