ஸ்தமாத்திஸ் அழுத்திய எழுத்து

ஸ்தமாத்திஸ் ஸாம்பானிஸ் பால்கனிகளுக்கு வெயில் மறைப்புத் துணி மாட்டுகிறவர். கிரேக்கக் கடற்கரையில் எங்கள் வோலோஸில் அது கௌரவமான தொழில். வெயில் காலம் முழுக்க ஊரே அவரைத் தேடும். மழை பிடித்ததும் ஒருவரும் தேடமாட்டார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. வேலையில்லாத குளிர்காலத்தில் ஒழுங்கான மனிதன் சீட்டாடுவான், துறைமுகத்தில் உட்கார்ந்து சிப்புரோ குடிப்பான், மனைவியோடு சண்டை போடுவான். ஸ்தமாத்திஸுக்குச் சீட்டில் கணக்கு வராது. குடித்தால் வயிறு ஏற்காது. மனைவி ஃபோத்தினியோ அவரோடு சண்டை போடுவதை வீண்வேலை என்று எப்போதோ விட்டுவிட்டாள். ஆகவே மனிதர் லினக்ஸுக்குப் போனார்.

அந்த மென்பொருளை நான் குறை சொல்லவில்லை. காசு கேட்பதில்லை, உலகத்தில் நல்ல மூளைக்காரர்கள் கூடிச் செய்தது, பழைய கணினிக்கும் உயிர் கொடுக்கிறது என்கிறார்கள். இருக்கட்டும். ஸ்தமாத்திஸ் அதை முதன்முதலில் ஒரு பழைய மடிக்கணினியில் ஏற்றியபோது ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறிவிட்டது. ஊர் செய்த பாவம் அது. அன்றைக்குத் தோற்றிருந்தால் தச்சுவேலை, தேனீ வளர்ப்பு என்று வேறு எதையாவது கெடுக்கப் போயிருப்பார். வென்றுவிட்டதால் தன்னை நிபுணர் என்று முடிவு கட்டிக்கொண்டார்.

அவருடைய வண்டியின் கண்ணாடியில் புனித நிக்கோலாஸ் படத்துக்குப் பக்கத்தில் லினக்ஸின் சின்னமான ஒரு பென்குயின் வந்து ஒட்டிக்கொண்டது. மற்ற மென்பொருள் வைத்திருக்கும் எல்லோரும் அவருக்கு மந்தை ஆடுகள். ரொட்டிக்கடையில் வரிசையில் நிற்கும்போதே "ஆடுங்க, எல்லாம் ஆடுங்க" என்பார். ரொட்டிக்காரர் உட்பட ஆடுகள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும். எங்கள் மொழியில் அவர் பெயரைக் கூப்பிட்டாலே யாரையோ நிற்கச் சொல்வதுபோல இருக்கும். அவர் தொட்ட கணினிகள் அந்தப் பெயருக்கு மரியாதை கொடுத்தன.

இன்னொரு கொள்கையும் வைத்திருந்தார். லினக்ஸை ஆங்கிலத்தில்தான் வைக்க வேண்டும். ஏற்றும்போதே எந்த மொழி வேண்டும் என்று அது மரியாதையாகக் கேட்கும். கிரேக்கமும் பட்டியலில் இருக்கும். அதைப் பார்த்ததும் இவர் தலையை மேலே தூக்கி நாக்கால் ஒரு 'த்சு' கொட்டுவார்; எங்கள் ஊரில் அதற்கு 'மாட்டேன்' என்று பொருள். "கிரேக்கம் சர்ச்சுக்கு. மெஷினுக்கு இங்கிலீஷ்." அவருடைய ஆங்கிலம் எங்கிருந்து வந்தது என்றால், துறைமுகத்தில் படகு கிளம்பும்போது ஒலிபெருக்கியில் சொல்லுவார்களே, அங்கிருந்து வந்தது. அதற்கு மேலே ஒரு சொல் இல்லை.

இப்படிப்பட்ட மனிதரின் கையில்தான் பொலிக்ஸேனி தன் மடிக்கணினியைக் கொடுத்தாள்.

பொலிக்ஸேனி, ஃபோத்தினியின் தங்கை. என் வீட்டுக்கு எதிர்வீடு. துறைமுகத்தில் ஒரு கடையில் கணவாய் வறுக்கிறாள். அவள் வறுத்த கணவாய்க்காகவே ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிற லாரிஸாவிலிருந்து ஆட்கள் வருவார்கள்; பெயரைத் தட்டிக்கொண்டு போவது முதலாளி. அவளுக்கு அந்தக் கடையை விட்டுப் போக வேண்டும். சரக்குக் கப்பலில் சமையல்காரி வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கணினி முன்னால் உட்கார வேண்டும், முகம் தெரிய வேண்டும், குரல் கேட்க வேண்டும், திரையிலேயே கப்பல் சாமான் கணக்கு ஒன்றை நிரப்பிக் காட்ட வேண்டும் என்று நிறுவனத்திலிருந்து சொன்னார்கள். வராதவர்களை மறுபடி கூப்பிடமாட்டோம் என்றும் சொன்னார்கள். அவளுடைய கைப்பேசி போன மாதம் எண்ணெய்ச் சட்டியில் விழுந்து பொன்னிறமாகிவிட்டது. எஞ்சியது, கொஞ்சம் மெதுவாக ஓடுகிற இந்த மடிக்கணினி ஒன்றுதான்.

"கொஞ்சம் மெதுவா ஓடுது, அவ்வளவுதான். பார்த்துக் குடு," என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

"ஓட்டம்னா என்னன்னு காட்டுறேன் பாரு, கொழுந்தியா," என்றார் ஸ்தமாத்திஸ்.

திரும்பி வந்த கணினி ஓடவில்லை, நடக்கவில்லை, கண்ணே திறக்கவில்லை. பொத்தானை அழுத்தினால் கறுப்புத் திரை. மூலையில் ஒரு சின்னக் கோடு மின்னிக்கொண்டிருந்தது.

"என்ன மேஸ்திரி இது?" என்றாள் பொலிக்ஸேனி.

"யோசிக்குது."

"எதப் பத்தி?"

"உள்ள நெறைய வேலை நடக்குது. ஆடுங்களோட மெஷின் படம் காட்டி ஏமாத்தும். இது நேர்மையானது, இருக்கறத இருக்கற மாதிரி காட்டும்."

"இருக்கறது இருட்டுதான்னு எனக்கே தெரியும்யா. அதுக்கு எதுக்குக் கரண்டு?"

மறுநாள் இவர் வலைத்தளம் எதிலோ ஒரு மந்திரச்சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்தார். கணினி எழும்போது இடையில் நிறுத்தி, ஒரு நீண்ட வரியின் வாலில் அந்தச் சொல்லைத் தட்ட வேண்டும். படம் காட்டும் சிப்பைத் தொந்தரவு செய்யாமல் எழுந்திரு என்று அதற்குப் பொருளாம். தட்டினார். எழுந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் தட்ட வேண்டும். வாயிற்காவலனுக்கு ரகசியச் சொல் சொல்லித் தன் வீட்டுக்குள்ளேயே நுழைகிற மாதிரி. எழுந்த பிறகாவது படம் ஒழுங்காக இருந்ததா? எல்லாம் அகலவாக்கில் இழுபட்டுக் கிடந்தது. மத்திமீன் மாதிரி ஒல்லியான பொலிக்ஸேனி அதில் கல்யாணமாகிப் பத்துப் பிள்ளை பெற்றவள் போலத் தெரிந்தாள். கையை அசைத்தால் கை சற்று நேரம் கழித்துத்தான் அசைந்தது.

சத்தம் அறவே இல்லை. ஒலிபெருக்கி பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரே ஒரு சொல் நின்றது.

"டம்மின்னு போட்டிருக்கு," என்றார் ஸ்தமாத்திஸ், புருவத்தைச் சுருக்கி.

"அட, ஆளக் கண்டுபிடிச்சிருச்சே!" என்றாள் அவள். "மெஷின் மோசமில்ல மேஸ்திரி, உன்னப் பத்தி சரியாத்தான் சொல்லுது."

ஃபோத்தினி அடுப்படியிலிருந்து சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து இருந்தது. அதை ஸ்தமாத்திஸ் கண்டுபிடித்தும் விட்டார். அதை மறைத்தால் எனக்குப் பாவம் வரும். படத்துக்கும் ஒலிக்கும் வேண்டிய துணை மென்பொருள் அந்தக் கணினியில் இல்லை, இணையத்திலிருந்து இறக்க வேண்டும். அதற்கான கட்டளையை ஓர் எழுத்து பிசகாமல் அடித்தார். கணினி, இவ்வளவு இடம் பிடிக்கும், தொடரலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டு, 'ஒய்', 'என்' என்று இரண்டு எழுத்தைக் காட்டி நின்றது.

எங்கள் மொழியில் சம்மதத்துக்கு 'நே' என்போம். மறுப்புக்கு 'ஓஹி'. தொடரலாமா என்று ஒருவன் கேட்டால், நே. அந்தச் சொல்லின் முதல் எழுத்து 'என்'. மற்ற எழுத்தை நாங்கள் இப்ஸிலோன் என்போம். அது அங்கே எதற்கு வந்து நிற்கிறது என்று கிரேக்கன் எவனுக்கும் தோன்றாது. ஸ்தமாத்திஸ் கம்பீரமாக 'என்' எழுத்தை அழுத்தினார். கணினி 'அபார்ட்' என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிட்டு அமைதியானது.

"முடிஞ்சுது," என்றார் அவர். "அபோர்டு. ஏறிட்டான்னு அர்த்தம். படகுல சொல்வான்ல, எல்லாரும் அபோர்டுன்னு? அதான்."

பத்திரிகையில் எழுதும் நான் இளவயதில் ஸ்டுட்கார்ட்டில் இருந்தவன்; எனக்கு ஜெர்மன்தான் தெரியும். அந்த மொழியில் அந்தச் சொல்லுக்குக் கக்கூஸ் என்று பொருள். சொன்னேன்.

"பத்திரிகைக்காரனுக்கு எங்க போனாலும் அதே ஞாபகம்," என்றார்.

ஏறியாயிற்று என்றாரே தவிர, படம் இழுபட்டபடியே இருந்தது, டம்மி டம்மியாகவே நின்றது. மறுபடி அடித்தார். மறுபடி தொடரலாமா, மறுபடி 'என்', மறுபடி ஏறிட்டான். வாரம் முழுக்க அந்தக் கணினியில் என்னவோ ஏறிக்கொண்டே இருந்தது. கப்பலாக இருந்தால் பாரம் தாங்காமல் முழுகியிருக்கும். ஒரு தடவையாவது மற்ற எழுத்தை அழுத்திப் பார்ப்போம் என்று அந்த மண்டைக்குள் ஓர் ஈகூடப் பறக்கவில்லை. குற்றம் கணினியின் மேல், வெப்பநிலையின் மேல், அவளுடைய வீட்டு மின்கம்பியின் மேல், கடைசியில் அவள் மேலேயே.

"கைல எண்ணெயோட தொட்டிருப்ப."

"நான் தொட்டிருந்தா மொறுமொறுன்னு வந்திருக்கும்."

வெள்ளிக்கிழமை காலை அவர் ஊரில் இல்லை. அக்ரியாவில் ஒரு கறிக்கடைக்காரர் மழைக்கு மறைப்பு வேண்டும் என்று கூப்பிட்டதால் அங்கே ஏணியில் நின்றார். பொலிக்ஸேனி என் கதவை இடித்தாள். காதணி போட்டிருந்தாள், தலைவாரியிருந்தாள், முகம் வெளுத்திருந்தது. பதினொன்றுக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. என் மடிக்கணினி அலுவலகத்தில், அலுவலகம் லாரிஸாவில். என் கைப்பேசியை நீட்டினேன்.

"அதுல கணக்கு நிரப்ப முடியாதுய்யா, சொல்லிட்டாங்க. அந்தக் கழுதையக் கூப்பிடு."

கூப்பிட்டேன். ஏணியின் கிறீச்சும் காற்றும் கேட்டன. ஸ்தமாத்திஸ் கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னார், அவள் அடித்தாள்.

"கேள்வி கேக்குதா?"

"கேக்குது. அதே ரெண்டு எழுத்து."

"'என்' அமுக்கு."

அவள் விரல் விசையின் மேல் வந்து நின்றது. அமுக்கவில்லை.

"'என்' அமுக்கு பொலிக்ஸேனி! நேன்னு சொல்லு!"

"வாரம் பூரா உனக்கு நே, நேன்னு தலையாட்டினேன்," என்றாள் அவள், மெதுவாக, கைப்பேசியைப் பார்த்து. "மெஷினக் குடுன்னே, நே. இருட்டா இருக்கட்டும்னே, நே. டம்மின்னு எழுதிக் காட்டிச்சு, அப்பவும் நே. கடைல அந்தக் கஞ்சன் ஞாயித்துக்கெழமையும் வான்னான், அவனுக்கும் நே. போதும்யா. ஓஹி."

"என்ன ஓஹி?"

"ஓஹின்னா ஓஹி!"

இருந்தது இரண்டே எழுத்து. அவர் சொன்னது வேண்டாம் என்றால் மற்றதுதானே? இப்ஸிலோனைக் குத்தினாள். அழுத்தவில்லை, குத்தினாள்; கணவாயின் கண்ணைப் பிடுங்குகிற விரல் அது.

திரையில் வரிகள் பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்தன. வாரம் முழுக்க ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்ட கணினி, பேசவிடாமல் வைத்திருந்த மருமகள் மாதிரி கொட்டித் தீர்த்தது.

"என்ன பண்ணின?" என்று ஏணியிலிருந்து அலறல். "நான் சொல்லாத எதத் தொட்ட? எல்லாம் போச்சு! எல்லாத்தையும் அழிச்சிட்ட!"

அவள் என் கையிலிருந்த கைப்பேசியின் வாயை மூடினாள். கணினியை நிறுத்தி எழுப்பினாள். மந்திரச்சொல்லைத் தட்ட மறந்துபோனாள். கறுப்புத் திரை ஒரு மூச்சு நேரம் நின்றது. பிறகு திரை முழுக்க அளவாக, அழகாக ஒரு மலைப்படம். அடுத்து, சிறிதாக ஒரு மணியோசை. சத்தம்! பொலிக்ஸேனி சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள். மத்திமீன் மறுபடி மத்திமீனாகத் திரையில் வந்து உட்கார்ந்தது.

பதினொன்றுக்கு வந்தவர் ஒரு டச்சுக்காரர். கடைசிக் கேள்விவரைக்கும் எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. அவளுடைய சமையல்கட்டு ஆங்கிலம் போதுமானதாக இருந்தது. சாமான் கணக்கை அவர் கேட்டு முடிப்பதற்குள் நிரப்பினாள். கடைசியில் அவர் பேனாவை எடுத்துக்கொண்டு, மார்ச் மாதம் ரோட்டர்டாமில் கப்பலேற முடியுமா என்றார். இத்தனை வருடம் காத்திருந்த கேள்வி. பொலிக்ஸேனிக்கு மனதிலிருந்து நேராக வந்தது பதில்.

"நே!"

டச்சுக்காரரின் முகம் விழுந்தது. முடியாது என்று அவருக்குக் கேட்டிருக்கிறது. டச்சிலும் பழைய ஆங்கிலத்திலும் அந்த ஓசைக்கு அதுதான் பொருள். வருத்தமாக ஏதோ சொல்லிக்கொண்டே பேனாவை மூடினார்.

அவள் ஒன்றும் புரியாமல் குனிந்தாள். கண் விசைப்பலகையில் விழுந்தது. 'என்' எழுத்தைப் பார்த்தாள். இப்ஸிலோனைப் பார்த்தாள். அவள் முகத்தில் வாரம் முழுவதும் ஓடி முடிவதை நான் பக்கவாட்டில் நின்று கண்டேன்.

"இப்ஸிலோன்!" என்று கத்தினாள். "ஐயா, இப்ஸிலோன்! யெஸ்! யெஸ்! யெஸ்!"

பேனா மறுபடி திறந்தது.

பிறகுதான் நான் அகராதியைப் பார்த்தேன். 'அபார்ட்' என்றால் வேலை கைவிடப்பட்டது. ஸ்தமாத்திஸுக்கு அதைக் காட்டினேன். அகராதி பழையது என்றார். லினக்ஸுக்குப் பொறுமை வேண்டும், தான் அழுத்திய அழுத்தங்களெல்லாம் உள்ளே சேர்ந்து சேர்ந்து வெள்ளிக்கிழமை பலித்ததாம். மார்ச்சில் அவள் பெட்டியோடு டாக்சி ஏறியபோது, தெருவே கேட்கும்படி, "மெஷின் அப்பவே சொல்லிச்சே, அபோர்டுன்னு!" என்று கையாட்டினார். பொலிக்ஸேனி டாக்சி ஜன்னல் வழியாகத் தலையை மேலே தூக்கி ஒரு 'த்சு' கொட்டினாள். டாக்சி திரும்பிப் போயிற்று.

கையாட்டி முடிந்ததும் அவருடைய பார்வை என் தோளில் தொங்கிய பைக்கு வந்தது. லாரிஸாவிலிருந்து என் மடிக்கணினியை முதல்நாள்தான் கொண்டுவந்திருந்தேன்.

"உன்னோடது ஆட்டு மெஷின்தானே, பத்திரிகைக்காரா? மாத்தித் தரட்டுமா?"

"நே," என்றேன்.

ஆங்கில 'நே'யைத்தான் சொன்னேன். அதற்குள் பையின் வார் அவர் கையில் இருந்தது.