கேள்விக்காரர் பொம்பிளை பார்க்க வந்த நாள்

உலகப் படத்தில் எந்த ஊரின் பெயர் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கிறதோ அதுதான் அந்த நாட்டின் தலைநகர் என்று பத்து வயது வரை நம்பியிருந்தவன் நான். நம்பியதோடு நின்றிருந்தால் ஒருவருக்கும் நட்டமில்லை. அந்த விதியை வைத்துக்கொண்டு, வயதில் எவ்வளவோ மூத்த என் சின்னம்மாவுக்குப் பொது அறிவு படிப்பித்தேன் என்பதுதான் சொல்ல வெட்கமான பகுதி.

சின்னம்மா அம்மாவின் தங்கை. அவருக்குச் செவ்வாய்க் குற்றம். வந்த சாதகங்களெல்லாம் பொருந்தாமல் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. முள்ளியவளையில் அவரோடு படித்தவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிற காலத்தில், ஒருநாள் புறோக்கர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்து, ஒரு சாதகம் அச்சொட்டாகப் பொருந்தியிருக்கிறது என்றார். மாப்பிள்ளை பூநகரிப் பக்கத்து ஆள். கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை. கூடவே, ரிவியில் கேள்வி பதில் நிகழ்ச்சி நடத்துகிறவர்.

அவரை எங்களுக்கு முதலே தெரியும். மாமா, அதாவது அம்மாவின் அண்ணர், வீட்டில் வைத்திருந்த ரிவி உழவு மெசினின் பற்றரியில் ஓடியது. விதைப்புக் காலத்தில் மெசின் வயலுக்குப் போனால் உலகமும் அதோடு போய்விடும். மற்ற ஞாயிறுகளில் அயல் முழுக்க அங்கேதான். அவர் கழுத்துப்பட்டியோடு தோன்றிக் கேள்வி கேட்பார். விடை சரியென்றால் வலது கையை உயர்த்தி, "மிகச் சரியான விடை!" என்பார். நாங்களே வென்ற மாதிரிக் கைதட்டுவோம். எல்லாவற்றுக்கும் விடை தெரிந்த ஒரு மனிதர் கொழும்பில் இருக்கிறார் என்பதில் ஊருக்கு ஒரு நிம்மதி.

சாதகம் பொருந்தியதும் அந்த நிம்மதி பயமாக மாறியது. "அந்தாள் பொம்பிளையிட்டயும் கேள்வி கேப்பார், பாருங்கோ," என்றார் மாமா. வவுனியாவில் ஒரு பெண்ணை அவர் வேண்டாம் என்றது அவள் விடை தெரியாமல் முழித்ததால்தான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அங்கேயும் சாதகம்தான் பொருந்தவில்லை என்பது வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. வகுப்பில் பொது அறிவில் முதலாவதாக வந்தவன் என்பதால் நான் ஆசிரியனானேன். சின்னம்மா குசினியில் தேங்காய் திருவ, நான் கேட்பேன். அமெரிக்காவுக்கு நியூயோர்க், துருக்கிக்கு இஸ்தான்புல், அவுஸ்திரேலியாவுக்கு சிட்னி. "ஏனடா, கலியாணம் கட்டி இந்த ஊருகளுக்கெல்லாமோ போகப்போறன்?" என்று சலித்துக்கொள்வார். ஆனால் ஒன்றையும் மறக்கமாட்டார்.

மாப்பிள்ளை தாயாரோடு வாடகைக் காரில் வந்து இறங்கினார். ரிவியில் பார்த்ததைவிடக் குட்டை. விறாந்தையில் கதிரை நுனியில் இருந்தார். தாயார்தான் கதைத்தார்: பயணம், வெயில், றோட்டுக் குழிகள். சின்னம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தூணோடு நின்றார். நெற்றி வியர்த்திருந்தது. உதடுகள் மெல்ல அசைந்தன. உள்ளே தலைநகர்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன என்பது எனக்கு மட்டும் தெரியும்.

மாப்பிள்ளை கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, பிள்ளையிட்ட ஏதும் கேக்கிறதெண்டால் கேளுங்கோ," என்றார் மாமா.

"ஒண்டுமில்லை ஐயா."

பொம்பிளை பார்க்க வந்த இடத்தில் ஒன்றும் கேட்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்றுதான் எங்கள் பக்கத்தில் கணக்கு. மாமாவின் முகம் விழுந்தது. "அப்ப நாங்கள் போய்க் கடிதம் போடுறம்," என்று தாயார் கைப்பையை எடுத்தார். அப்படிச் சொல்லிப் போனவர்களில் ஒருவரும் அதுவரை கடிதம் போட்டதில்லை. சின்னம்மா நிலத்தைப் பார்த்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. சின்னம்மாவுக்காக என்று சொல்ல ஆசைதான். உண்மையில், படிப்பித்ததெல்லாம் வீணாகப் போகிறதே என்ற ஆத்திரம். கதவு மறைவிலிருந்து வெளியே வந்து, மாப்பிள்ளையின் ரிவிக் குரலிலேயே கேட்டேன்.

"அவுஸ்திரேலியாவின் தலைநகர் எது?"

"சிட்னி," என்றார் சின்னம்மா, தலை நிமிராமலே.

மாப்பிள்ளையின் வலது கை தானாக உயர்ந்தது. "மிகச் சரியான விடை!"

மாமா பலமாகக் கைதட்டினார். தாயார் கைப்பையை மடியில் போட்டுவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். "வீட்டிலையும் இப்பிடித்தான். சோறு அவிஞ்சிட்டுது எண்டாலும் கையைத் தூக்குவான்." சின்னம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளைக்கு வாய் திறந்தது.

"தேத்தண்ணிக்குச் சீனி போடேல்லை," என்றார்.

"சொல்லியிருக்கலாமே?" என்றார் சின்னம்மா.

"பயமாயிருந்தது."

ஆவணியில் கலியாணம். அடுத்த வருடம், அவுஸ்திரேலியாவின் தலைநகர் கன்பரா என்று படிப்பித்த வாத்தியாரோடு நான் வாதாடினேன். "ரிவியில வாற எங்கட சித்தப்பாவே சிட்னி சரியெண்டவர்," என்றேன். வாத்தியார் வீட்டில் ரிவி இல்லை. அடி விழுந்தது.

சித்தப்பா அந்த நிகழ்ச்சியைப் பல வருடங்கள் நடத்தினார். தலை நரைத்து, பிறகு நரைக்கவும் முடியில்லாமல் போனபோது, பாடவும் ஆடவும் தெரிந்த ஒரு பெடியனை அவர் இடத்தில் போட்டார்கள். வவுனியாவில் காணி வாங்கி வந்துவிட்டார். அதற்கிடையில் நாங்கள் ஊரூராக இடம்பெயர்ந்து திரும்பியது வேறு கதை. இப்போதும் பஸ்ஸில் யாராவது அவரை அடையாளம் கண்டு எதையாவது கேட்பார்கள். "கேக்கிறதுதான் தம்பி என்ர தொழில்," என்று தப்பிக்கொள்வார்.

வயது போகப்போக, சிறுவனாக இருந்தபோது விளங்காத ஒன்று எனக்கு விளங்கிவிட்டதாக ஒரு எண்ணம். கேள்வி கேட்டே பேர் எடுத்த மனிதருக்குக் கன்பரா தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும், தூணோடு நின்ற ஒருத்தி தலைகுனியக் கூடாதென்று, தொழில் நேர்மையை ஒரு கணம் விட்டுக்கொடுத்திருக்கிறார். கலியாண வீடுகளில் இதைச் சொல்லிச் சிலரை அழவும் வைத்திருக்கிறேன். போன பொங்கலுக்கு அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே சொன்னேன். சித்தப்பா சோற்றைப் பிசைந்தார். சின்னம்மா அகப்பையோடு நின்றார்.

"இவருக்கெங்க தெரியும்? கலியாணம் முடிஞ்சு கொழும்புக்குப் போய் முதல் நிகழ்ச்சியிலையே ஒரு பிள்ளை கன்பரா எண்டு சொல்ல, பிழையெண்டு அனுப்பிப்போட்டார். விடை அட்டையில எழுதியிருந்தது, திருப்பிக்கூடப் பாக்கேல்லை. அடுத்த கிழமை ரிவியில மன்னிப்புக் கேட்டவர். ஏனப்பா பாக்கேல்லை எண்டு கேட்டனான். 'உங்கட வீட்டுப் பெடியன் அவ்வளவு துணிவாக் கேட்டவன், அவனுக்குத் தெரியாமலே கேப்பான்?' எண்டார்."