மீன்சட்டிக்கு நான் வைத்த விளிம்பு

சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் மாடிக் கட்டடத்துக்குப் பக்கத்துக் கொம்யூனிற்றி சென்ரரில் மட்பாண்ட வகுப்பு நடந்த கோடையில், வீட்டில் நானும் அம்மாவும் மட்டுந்தான். அப்பா ஒஷாவாவில் இருந்தார். அங்கே வேலை என்று அம்மா சொல்லியிருந்தார். எனக்கு எட்டு வயது. அம்மாவுக்கு மொழிபெயர்க்கும் உத்தியோகமும் என்னுடையதுதான்.

வகுப்பெடுத்தவர் நியூ மெக்சிக்கோவில் இருந்து வந்த புவெப்லோ பழங்குடிப் பெண், அம்மாவை விட இளையவர். சக்கரம் கிடையாது. மண்ணைக் கயிறாக உருட்டி, வளைத்து அடுக்கி, விரலால் தேய்த்து ஒட்ட வேண்டும். அவர் கொண்டுவந்த மினுங்குகிற மண்ணில் செய்த சட்டியை அடுப்பிலேயே வைக்கலாம் என்று நான் தமிழில் சொன்னதுதான் தாமதம், மற்றவர்கள் பூச்சாடி செய்ய, அம்மா மீன்சட்டி தொடங்கிவிட்டார்.

"எங்கள் ரெண்டு பேருக்கு என்னத்துக்கம்மா இவ்வளவு பெரிய சட்டி?"

"காயேக்கை சுருங்குமெண்டு நீதானே சொன்னனீ."

வகுப்பெடுத்தவர் சொன்ன இன்னொன்றையும் தமிழில் சொல்லியிருந்தேன். மனம் சரியில்லாத நேரத்தில் மண்ணைத் தொடக் கூடாதாம். மண்ணுக்குத் தெரிந்துவிடுமாம், சுடும்போது வெடிக்குமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அம்மா சிரிக்கவில்லை.

விளிம்பு மட்டும் மிச்சமிருந்தபோது அம்மா வாசலுக்குப் போய் அப்பாவுக்கு ரெலிபோன் எடுத்தார்.

"சட்டி ஒண்டு செய்யிறன். சுட்ட உடனை மீன் காய்ச்சுவன். ஒருக்கா வந்திட்டுப் போங்கோவன்."

பிறகு வெறும் "ஓம்... ஓம்..." தான். திரும்பி வந்தவர், மண்ணைத் தொடாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

"நீ சுத்து, பிள்ளை. எனக்குக் கை நோகுது."

எனக்குத் தலைகால் தெரியாத புளுகம், துள்ளிக்கொண்டு சுற்றினேன். நான் வைத்த விளிம்பு ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம்.

றிச்மண்ட் ஹில்லில் ஒரு வீட்டு வளவில் விறகு மூட்டிச் சுட்டார்கள். பூச்சாடிகள் சில வெடித்தன. எங்கள் சட்டி முழுசாக வந்தது. வீடு வரும்வரை அம்மா அதை மடியிலிருந்து இறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாரைமீன் குழம்பு. மேசையில் மூன்று சோற்றுக் கோப்பைகள். அப்பா வரவில்லை, ஓவர்ரைமாம். பாதிக் குழம்பு மிஞ்சியது. பழங்குழம்புதான் ருசி என்று மறுநாளும் அதையே சாப்பிட்டோம். உண்மையிலேயே ருசியாகத்தான் இருந்தது.

ஒஷாவா என்றால் பிளேன் ஏறிப் போகும் ஊர் என்று நினைத்திருந்தேன். பாவம் அப்பா, அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி வருவார் என்று அம்மாவுக்கே சமாதானம் சொன்னேன். அவர் எங்களை விட்டுப் போய்விட்டார் என்பது பிடிபடச் சில வருடங்கள் ஆயின. இப்போது வேலைக்கு அங்கேதான் போய்வருகிறேன். ரெயினில் ஒரு மணித்தியாலம். இறங்கும்போதெல்லாம் அந்த மூன்றாவது கோப்பை நினைவுக்கு வருகிறது.

கை நோகுது என்றதை அப்படியே நம்பி, அன்று பின்னேரம் அம்மாவின் இரண்டு கைகளுக்கும் நல்லெண்ணெய் பூசித் தேய்த்துவிட்டேன். அம்மாவும் நீட்டிக்கொண்டு இருந்தார்.